நூற்றுக்கு நாலு பேர்

‘அங்க நம்ம ஓட்டு எவ்வளவு கெடக்கு மக்கா?’

ஒரு சாவு வீட்டு முற்றத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தபோது என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கும்பப்பூ நடவு முடிந்து வயலெல்லாம் பச்சை பிடித்திருந்த சமயம். நாஞ்சில் நாட்டில் ஒரு காலனி, மொத்தம் இருபத்தோரு வீடு. அந்த வயல்களில் ஆயுள் முழுக்க நாற்று நட்ட ஒரு கிழவி செத்துப்போனாள். சுடுகாடு குளத்தங்கரைக்கு அந்தப் பக்கம். போகிற வழியில் புதிதாக முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். ‘இது பட்டா நிலம், இனி இந்த வழியா சவம் போகப்பிடாது’ என்று ஆள் விட்டுச் சொல்லியாயிற்று. காலையில் செத்தவள் மத்தியானம் தாண்டியும் முற்றத்திலேயே கிடந்தாள்.

நான் அண்ணனுக்குப் போன் செய்தேன். அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. தொண்ணூறுகளில் இந்த மாவட்டத்தில் ராத்திரி ராத்திரியாகச் சுவரில் எழுதியவர். அதற்காக லாக்கப்பில் கிடந்தவர். அம்பேத்கர் என்கிற பெயரை எனக்கு முதலில் சொன்னவரும் அவர்தான். இப்போது ஒரு கட்சியில் பொறுப்பில் இருக்கிறார். எந்தக் கட்சி என்று எழுதப்போவதில்லை. மூன்று கட்சி பார்த்துவிட்டார். மூன்றில் எதில் இருந்திருந்தாலும் அன்றைக்கு அவர் வாயில் அந்தக் கேள்விதான் வந்திருக்கும். ‘நாப்பது அம்பது இருக்கும்ணே’ என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. ‘சரி, மாவட்டத்துக்கிட்ட பேசிப் பாக்கேன்’ என்றார். மாவட்டம் அப்போது ஒரு கல்யாண வீட்டில் இருந்தார்.

அண்ணன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை, திட்டிவிட்டுப் போயிருக்கலாம். நல்லவர் ஒருவர் வாயில், சவம் கிடக்கிற நேரத்தில், யோசிக்காமல் அந்தக் கேள்வி வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் பிரச்சினை.

2

எங்கள் மாவட்டத்துக் கணக்கைச் சொல்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு 3.97 பேர். முழுசாக நாலுகூட இல்லை. சட்டமன்றத் தொகுதிகள் ஆறு: கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர். ஒன்றுகூடத் தனித்தொகுதி இல்லை. நாடாளுமன்றத் தொகுதியும் பொதுத்தொகுதிதான்.

இந்த நாலுக்கும் குறைவான எண்ணிக்கைகூட ஒரு சூழ்ச்சியில் பிறந்தது. 1806-இல் ரிங்கல்தௌபே இங்கே வந்தபோது அவரை மயிலாடிக்கு வரவழைத்து இடம் கொடுத்த வேதமாணிக்கம் ஒரு சாம்பவர். தெற்குத் திருவிதாங்கூரின் சீர்திருத்தச் சபைக்கு அஸ்திவாரம் போட்டது எங்கள் ஆள். அந்த வழியில் போன சாம்பவர்களும் சேரமர்களும் 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியலில் கிடையாது. முதலில் இந்துக்கள் மட்டும் என்று இருந்த ஆணையில் 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள்; கிறிஸ்தவ தலித் இன்றுவரை வெளியே. அண்ணன் தம்பி இரண்டு பேரில் ஒருத்தன் கோயிலுக்குப் போனால் எஸ்.சி., இன்னொருத்தன் சர்ச்சுக்குப் போனால் பி.சி. வேலி மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே வேலி. இங்கே ஓட்டைக் கோயில் வழியாகவும் சர்ச் வழியாகவும் எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையில் இரண்டு பக்கமும் நாங்கள் சில்லறை.

ஆகவே, தோழர்களே, கட்சி அரசியலைப் பற்றிப் பேச எனக்கு ஒரு வசதி இருக்கிறது. விழுப்புரத்திலும் கடலூரிலும் இருக்கிற தோழனுக்கு ‘நாம் நினைத்தால் ஜெயிக்கலாம், தோற்கடிக்கவும் செய்யலாம்’ என்ற மயக்கம் இருக்க நியாயம் உண்டு. நாஞ்சில் நாட்டுத் தலித்துக்கு அந்த மயக்கத்துக்கு வழியே இல்லை. ஓட்டுதான் மனுஷனின் மதிப்பு என்று தீர்மானித்துவிட்ட அரசியலில் தன் மதிப்பு என்ன என்று அவனுக்குத் தெரியும். இயக்கம் கட்சியாக மாறினால் என்ன ஆகும் என்பதை நூற்றுக்கு இருபது பேர் இருக்கிற இடத்திலிருந்து பார்க்காதீர்கள். நாலு பேர் இருக்கிற இடத்திலிருந்து பாருங்கள்.

3

நான் ஒரு அராஜகவாதி. தமிழில் இந்தச் சொல்லுக்குப் போலீஸ் கொடுத்த அர்த்தம்தான் நிலைத்துவிட்டது. தெருவிளக்கை உடைப்பவன், பஸ்ஸைக் கொளுத்துபவன். ‘காலனிப் பயலுவ அராஜகம் பண்ணுதானுவ’ என்று ஊர்க்காரன் சொல்வதும் அதுதான். பகூனினும் குரோபோட்கினும் பேசியது வேறு. எனக்காக இன்னொருத்தன் பேசுவான், எனக்காக இன்னொருத்தன் ஆளுவான் என்று ஒப்படைத்த நிமிஷத்திலேயே நான் அடிமை ஆகிறேன் என்பது அதன் சாரம். தொழிலாளி ஒருவனை அரசாங்க நாற்காலியில் உட்காரவைத்தால் அவன் அங்கிருந்து தொழிலாளியாகப் பார்க்க மாட்டான், நாற்காலியாகத்தான் பார்ப்பான் என்று பகூனின் மார்க்ஸோடு சண்டை போட்டது 1870களில். இந்தச் சண்டை தலித்துக்குப் புதிதல்ல. நமக்காகப் பேசுகிறேன் என்று வந்தவர்களால் நாம் பட்டதே நம் சரித்திரத்தில் பாதி.

பூனா ஒப்பந்தத்தை நினைத்துப் பாருங்கள். 1932 செப்டம்பர் 24. தனி வாக்காளர் தொகுதி கிடைத்திருந்தால் நம் பிரதிநிதி நமக்கு மட்டும் பதில் சொல்லியிருப்பார். காந்தி சாகக் கிடந்தார். அம்பேத்கர் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. மாகாணச் சட்டசபைகளில் 148 இடம் கிடைத்தது, தேர்ந்தெடுக்கும் அதிகாரம் ஊருக்குப் போயிற்று. தமிழ்நாட்டில் 44 தனித்தொகுதிகள் இருக்கின்றன. கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் பெரும்பான்மை வாக்காளர்கள் தலித் அல்லாதவர்கள். ஊருக்குப் பிடிக்காத தலித் அங்கே ஜெயிக்க முடியாது. ஊருக்குப் பிடித்த தலித் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரசியல் சட்டத்தை எழுதிய மனிதரையே 1952-இல் பம்பாயில் தோற்கடித்தார்கள், 1954-இல் பண்டாராவில் மறுபடியும் தோற்கடித்தார்கள். ஆனால் 1927-இல் மகாத் குளத்தில் தண்ணீர் அள்ளியபோதும், 1956 அக்டோபரில் நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு இந்து மதத்தை விட்டு வெளியேறியபோதும் அவரைத் தோற்கடிக்க யாராலும் முடியவில்லை. அங்கே ஓட்டு எண்ணவில்லை.

4

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

மதுரையில் மலைச்சாமி தொடங்கிய இந்திய தலித் சிறுத்தைகளின் பொறுப்பை, அவர் 1989-இல் இறந்த பிறகு, திருமாவளவன் ஏற்றார். அந்தப் பத்து வருஷம் தேர்தலைப் புறக்கணித்த இயக்கம் அது. ‘அடங்க மறு, அத்து மீறு’ என்று சேரிச் சுவர்களில் எழுதியது. அந்த எழுத்துக்கு முன்னால் நின்று வளர்ந்த ஒரு தலைமுறை இருக்கிறது. அவர்கள் நிமிர்ந்து நடந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எனக்கு அப்போது பத்து வயதுகூட இல்லை. நூற்றுக்கு நாலு பேர் இருக்கிற எங்கள் மாவட்டத்துக்கும் அந்தச் சுவரெழுத்து வந்து சேர்ந்தது. ஓட்டு வேண்டாம் என்ற இயக்கத்துக்கு எங்கள் நாலு பேரும் வேறெங்கோ உள்ள நாற்பது பேரும் ஒன்றுதான். ஒரு அவமானம் நடந்தால் வருவார்கள். எத்தனை பேருக்கு நடந்தது என்று கேட்டுவிட்டு வந்ததில்லை.

1999-இல் அந்தப் புறக்கணிப்பு முடிந்தது. மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸோடு கூட்டு. சிதம்பரத்தில் திருமாவளவன் நின்றார். இரண்டு லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கித் தோற்றார். அந்தத் தேர்தலில் சேரிகள் எரிந்தன. ஓட்டுப் போட்டதற்காக நம் ஆட்கள் அடிபட்டார்கள்.

அந்த முடிவுக்குச் சொன்ன காரணங்களை நான் கேலி செய்யப்போவதில்லை. வெளியே நின்றால் தீவிரவாதி என்கிறான், குண்டர் சட்டத்தில் உள்ளே போடுகிறான், ஜாமீன் எடுக்க ஆள் இல்லை, இளைஞர்களின் வாழ்க்கை கோர்ட்டுப் படியிலேயே போகிறது. கட்சி என்று பலகை மாட்டினால் கலெக்டர் எழுந்து நிற்பான், இன்ஸ்பெக்டர் யோசிப்பான். இது பொய்யில்லை. உதை வாங்கிய முதுகுதான் அந்த முடிவை எடுத்தது. ஆனால் எந்த முடிவும் எடுத்த அன்றைக்கு உள்ள காரணத்தோடு நின்றுவிடுவதில்லை. அது தனக்கென்று ஒரு நடையை உண்டாக்கிக்கொள்கிறது.

நடையைப் பாருங்கள். 2001-இல் தி.மு.க. அணி, அதே அணியில் பா.ஜ.க.வும் இருந்தது. மங்களூரில் உதயசூரியன் சின்னத்தில் ஜெயித்து, 2004-இல் திருமாவளவன் அந்தப் பதவியை விட்டார். 2006-இல் அ.தி.மு.க. அணி, இரண்டு எம்.எல்.ஏ. 2009-இல் தி.மு.க. அணி, சிதம்பரத்தில் வெற்றி. 2011-இல் அதே அணியில் பா.ம.க.வோடு ஒரே மேடை, நின்ற பத்துத் தொகுதியிலும் தோல்வி. மறுவருஷம் நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனி எரிந்தது. மேடையைப் பகிர்ந்துகொண்ட கட்சியின் நிறுவனர் அதன்பிறகு ‘நாடகக் காதல்’ என்று ஊர் ஊராகப் பிரச்சாரம் செய்தார். 2016-இல் மக்கள் நலக் கூட்டணி. காட்டுமன்னார்கோயிலில் 87 ஓட்டில் தோல்வி. 2019-இல் திரும்பவும் தி.மு.க. அணி, இரண்டு எம்.பி.; அதில் ஒருவர் உதயசூரியனில். 2021-இல் நாலு எம்.எல்.ஏ. 2024-இல் பானைச் சின்னத்தில் இரண்டு எம்.பி., அதோடு மாநிலக் கட்சி அங்கீகாரம். வளர்ச்சி இல்லை என்று யார் சொன்னது? என் கேள்வி, எது வளர்ந்தது என்பது.

மேலவளவை எடுத்துக்கொள்வோம். 1997 ஜூன் 30. ஊராட்சித் தலைவர் முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2008-இல் அண்ணா நூற்றாண்டு என்று சொல்லி அவர்களில் மூன்று பேரைத் தி.மு.க. அரசு விடுதலை செய்தது. 2019-இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு என்று சொல்லி பதின்மூன்று பேரை அ.தி.மு.க. அரசு விடுதலை செய்தது. இரண்டு பெரியவர்களின் பிறந்தநாளுக்கும் வெட்டியது நம் தலையைப் பணயமாக வைத்து. மூன்று பேரை விட்ட மறுவருஷம், 2009-இல், எந்தக் கட்சியின் அணியில் நின்று ஓட்டுக் கேட்டோம்? யாரையும் துரோகி என்று சொல்ல இதை எழுதவில்லை. கூட்டணிக் கணக்கில் மேலவளவு ஒரு ‘பிரச்சினை’யாகச் சுருங்கிப் போகிற விதத்தைச் சொல்கிறேன்.

வேங்கைவயல் இன்னும் கிட்டத்தில் நடந்தது. 2022 டிசம்பரில் குடிதண்ணீர்த் தொட்டியில் மலம். இரண்டு வருஷம் விசாரித்துவிட்டு 2025 ஜனவரியில் அதே சேரியைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள் மேலேயே குற்றப்பத்திரிகை போட்டது சி.பி.சி.ஐ.டி. சிறுத்தைகள் எதிர்த்தார்கள், சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள். உண்மை. ஆனால் அந்தப் போலீஸ் யார் கையில் இருந்ததோ அவரோடு கூட்டணி தொடர்ந்தது. 1990களின் இயக்கமாக இருந்திருந்தால் புதுக்கோட்டைக்குப் போகிற சாலை என்ன ஆகியிருக்கும்? கோபத்துக்கும் கூட்டணிக்கும் நடுவில் இப்போது ஒரு அறிக்கை இருக்கிறது. அறிக்கையின் வேலை கோபத்தைத் தேர்தல்வரை பத்திரமாக வைத்துக்கொள்வது.

தென்மாவட்டத்திலும் இதே கதை. 1995 ஆகஸ்ட் 31-இல் அ.தி.மு.க. ஆட்சியின் போலீஸ் கொடியன்குளத்தை நொறுக்கியது. அந்தக் கோபத்தில் எழுந்து நின்றவர் டாக்டர் கிருஷ்ணசாமி. 2011-இல் அதே அ.தி.மு.க. அணியில் ஜெயித்தார். அந்த ஆட்சி வந்து நாலே மாதத்தில், செப்டம்பர் 11 அன்று, இமானுவேல் சேகரன் நினைவு நாளில் பரமக்குடியில் துப்பாக்கிச் சூடு. 2019-இல் பா.ஜ.க.வும் இருந்த அ.தி.மு.க. அணியில் தென்காசியில் மறுபடியும் அவர் வேட்பாளர்.

5

இது ஆட்களின் குணக்கேடு என்றால் ஆளை மாற்றினால் போதும். உலகம் முழுக்க ஒரே மாதிரி நடக்கிறதே, அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

பம்பாயில் 1972-இல் தலித் பேந்தர்கள் எழுந்தார்கள். நாம்தேவ் டசால், ஜே.வி. பவார், ராஜா டாலே. 1974 ஜனவரியில் மத்திய பம்பாய் இடைத்தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். வொர்லி கலவரத்தில் அடிபட்டார்கள். அந்த வருஷமே பிளவு. டசால் பின்னாளில் சிவசேனாவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பேந்தரிலிருந்து வந்த ராம்தாஸ் அதாவலே 1990-இல் சரத் பவார் அமைச்சரவையில் மந்திரி. 2016-இல் மோடி அமைச்சரவையில் இணையமைச்சர்.

நம் சாதிக்கு மட்டும் நேர்ந்த சாபம் என்று நினைக்காதீர்கள். அராஜகவாதிகளுக்கே நேர்ந்தது. ஸ்பெயினில் சி.என்.டி. என்ற தொழிற்சங்கம் லட்சக்கணக்கான தொழிலாளர்களோடு, அரசே வேண்டாம் என்று சொன்ன இயக்கம். 1936 நவம்பரில், பாசிசத்தைத் தடுக்க வேறு வழியில்லை என்று சொல்லி, அதன் நாலு பேர் மந்திரிகள் ஆனார்கள். நீதித்துறை மந்திரி கார்சியா ஆலிவர். சுகாதார மந்திரி ஃபெதெரிகா மொன்செனி. காரணம் பொய்யில்லை, பிராங்கோ வாசலில் நின்றான். ஆறே மாதம். 1937 மே மாதம் பார்சிலோனாவில் தொழிலாளர் கையில் இருந்த தொலைபேசி நிலையத்தைப் பிடிக்கப் போலீஸ் வந்தது. தொழிலாளர்கள் தெருவில் தடுப்பு போட்டார்கள். ரேடியோவில் வந்து, துப்பாக்கியைக் கீழே போடுங்கள் என்று கெஞ்சியவர்கள் அந்த அராஜகவாத மந்திரிகள்தான். போட்டார்கள். சில நாளில் மந்திரி பதவியும் போயிற்று, தெருவும் போயிற்று.

நாற்காலிக்கு ஒரு இயந்திரம் இருக்கிறது. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தைப் பாருங்கள். யார் சின்னத்தில் ஜெயித்தாயோ அவன் கொறடா சொன்னபடி கை தூக்க வேண்டும். தூக்காவிட்டால் பதவி போகும். பெரிய கட்சியின் சின்னத்தில் நிற்கிற நம் ஆள் சட்டப்படியே அந்தக் கட்சிக்காரன். சொந்தச் சின்னம் வேண்டுமென்றால் இத்தனை சதவீத ஓட்டு, இத்தனை இடம் என்று தேர்தல் ஆணையம் விதி வைத்திருக்கிறது. அந்த விதியைத் தாண்டுவதே ஒரு இலட்சியமாகிவிடுகிறது. தாண்டிய அன்றைக்குப் பட்டாசு வெடிக்கிறோம்.

நான் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவன். அடகு வைத்த நகை உங்களுடையதுதான். ரசீது உங்கள் பெயரில்தான் இருக்கிறது. யாரும் அதை மறுக்கப்போவதில்லை. ஆனால் மகள் கல்யாணத்தன்று அதைக் கழுத்தில் போட முடியாது. இயக்கமும் அப்படித்தான் உள்ளே இருக்கிறது. கொடி நம்முடையது, பெயர் நம்முடையது. தேவைப்படுகிற நாளில் மட்டும் எடுக்க முடியவில்லை.

6

எனக்கு வருகிற பதில்கள் தெரியும்.

‘அய்யன்காளியே சபையில் உட்காரவில்லையா?’ உட்கார்ந்தார். அப்போது எங்கள் நாஞ்சில் நாடும் அவருடைய திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1910களில் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்டுப் பல வருஷம் பேசினார். ஆனால் வரிசையைப் பாருங்கள். 1893-இல் தடை செய்த ரோட்டில் வில்வண்டி ஓட்டினார். 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கம். ‘எங்க பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காவிட்டால் உங்க வயலில் புல்லு முளைக்கும்’ என்ற வேலைநிறுத்தம். வயலில் களை மண்டிய பிறகுதான் சபை அவரைக் கூப்பிட்டது. சபையில் அவர் பின்னால் எந்தக் கொறடாவும் இல்லை. அறுவடையை நிறுத்தத் தெரிந்த ஜனம் இருந்தது. அந்த ஜனத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்வது அய்யன்காளியின் வழி ஆகாது.

‘மேலவளவு முருகேசன் நின்றதும் தேர்தல்தானே?’ ஆமாம். அந்த நாற்காலிக்காகத்தான் செத்தார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை பத்து வருஷம் அந்த நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை. ஊருக்கு நடுவில் ஒரு தலித் உட்காருவதே கலகம் என்கிற இடத்தில் உட்காரத்தான் வேண்டும். முருகேசனைக் கேள்வி கேட்க அவர் தெரு ஜனம் வாசலுக்கே வந்துவிடும். கோட்டையில் இருப்பவரைக் கேள்வி கேட்க நாகர்கோவிலிலிருந்து ரயில் ஏற வேண்டும். இரண்டையும் ‘தேர்தல்’ என்ற ஒரே பையில் போடாதீர்கள்.

‘உள்ளே போனவர்கள் ஒன்றும் செய்யவில்லையா?’ செய்தார்கள். நிறப்பிரிகையில் அதிகாரத்தைப் பற்றி நமக்குப் பாடம் நடத்தியவர்களில் ஒருவர், என்னைப் போலவே வங்கி ஊழியராக இருந்தவர், ரவிக்குமார். 2006-இல் எம்.எல்.ஏ. ஆனார். அவர் சட்டமன்றத்தில் இருந்த காலத்தில், 2009-இல், புதிரை வண்ணார் நல வாரியம் வந்தது. தலித்துக்குள்ளும் கடைசியில் நிறுத்தப்பட்டவர்களுக்கு அரசாங்கத் தாளில் ஒரு பெயர் கிடைத்தது. அதைச் சிறிது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதற்குக் கொடுத்த விலையில், அதிகாரத்தை வெளியிலிருந்து பார்த்து எழுதுகிற ஒரு கூர்மையான கண்ணும் சேர்ந்துபோயிற்று என்றுதான் சொல்வேன். வாரியத்தை எப்படியாவது போராடி வாங்கிவிடலாம். அந்தக் கண்ணுக்கு மாற்று எங்கே?

கடைசிப் பதில் என்னைச் சுடும். ‘மாசம் பிறந்தா சம்பளம், இட ஒதுக்கீட்டில் வந்த வேலை. நீ என்னடே அராஜகவாதி?’ சரியான கேள்வி. அரசாங்கம் இல்லாத உலகத்தைக் கனவு காண்கிறவன் அரசாங்கம் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து கவிதை எழுதுகிறேன். இந்த முரண்பாட்டோடுதான் தினமும் பஸ் ஏறுகிறேன். ஆனால் ஒன்று: இந்த வேலையை எனக்கு எந்தக் கட்சியும் போட்ட பிச்சையாக நினைக்கவில்லை. நான் சொல்வதைக் கேளுங்கள், ஆளைப் பார்க்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. ஆளையும் பாருங்கள். நாளைக்கு நானும் ஒரு யூனியன் பதவிக்காக வாயை மூடினால் இந்தப் பக்கத்தை என் முகத்தில் விசிறுங்கள்.

7

ஓட்டுப் போடாதே என்று நான் சொல்லவில்லை. ரேஷன் கடைக்குப் போகிறது மாதிரி போய்ப் போட்டுவிட்டு வாருங்கள். வரிசையில் நிற்பதே விடுதலை என்று நினைக்காமல் இருந்தால் போதும். பெரியாரைப் பாருங்கள். 1944-இல் சேலத்தில் நீதிக்கட்சியைத் திராவிடர் கழகமாக மாற்றினார். பட்டம் பதவிக்காரர்கள் ஒதுங்கினார்கள். அதற்குப் பிறகு கழகம் ஒரு தேர்தலிலும் நின்றதில்லை. அடுத்த மாதத்திலிருந்து யாரையும் திட்டுகிற சுதந்திரம் அவருக்கு இருந்தது. தேர்தல் நேரத்தில் அவர் யாருக்கெல்லாம் ஆதரவு கொடுத்தார் என்பதில் எனக்குச் சண்டை உண்டு. ஆனால் தன் இயக்கத்தை வேட்பாளர் பட்டியலாக மாற்றவில்லை.

நமக்கு வேண்டியது அப்படி வெளியே நிற்கிற ஒரு இயக்கம். சிறுத்தைகளை எதிர்த்து இல்லை, சிறுத்தைகளுக்கும் சேர்த்துத்தான். தேர்தலில் நிற்க ஆசைப்படுகிறவர் முதலில் இயக்கப் பொறுப்பை விடவேண்டும். காசு நம் கையிலிருந்தே வரவேண்டும். பத்து ரூபாய் என்றாலும் சரி. தலைவர் படம் போட்ட பிளக்ஸ் வேண்டாம். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-இல் வந்தன. மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும், முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும் என்று அதில் இருக்கிறது. கூடவில்லை என்றால் கேட்க யாருக்குத் தைரியம் வரும்? அடுத்த தேர்தலில் சீட்டு வேண்டாதவனுக்கு வரும்.

அந்தக் கிழவியின் சவம் என்ன ஆயிற்று என்று சொல்லாமல் முடிக்கக் கூடாது.

மாவட்டம் வரவில்லை. அண்ணன் வரவில்லை. சாயங்காலம் பக்கத்துக் காலனிகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சர்ச்சுக்குப் போகிறவன், இசக்கியம்மனுக்குக் கொடை கொடுக்கிறவன், சாமியே இல்லை என்கிறவன், ஒரு நாற்பது பேர். யாரும் எத்தனை ஓட்டு என்று கேட்கவில்லை. செத்தது யார் என்றுகூடப் பாதிப்பேருக்குத் தெரியாது. வேலியைச் சுற்றி, முழங்கால் சேற்றில், அவள் நட்ட நாற்றுக்கு நடுவிலேயே பாடையைத் தூக்கிக்கொண்டு போனோம். அவள் பேத்தி, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறவள், ‘பாட்டி நட்டதை மிதிக்காம போங்க மாமா’ என்று சொல்லிக்கொண்டே டார்ச் அடித்து முன்னால் போனாள்.

பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு நில அளவை வரைபடம் வாங்கினோம். அந்த இடம் புறம்போக்கு வண்டிப்பாதை என்று தெளிவாக இருந்தது. மனுவோடு நாற்பது பேரும் தாலுகா ஆபீஸில் போய் உட்கார்ந்தோம். ஒரு நாள் இல்லை, ஒவ்வொரு திங்கட்கிழமையும். அராஜகவாதி அரசாங்கத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், சிரியுங்கள். கன்னிப்பூ விதைப்புக்கு முன்னால் வேலி போயிற்று.

மறுவாரம் அண்ணன் போன் செய்தார். ‘கேள்விப்பட்டேன் மக்கா. ரொம்ப சந்தோஷம். எங்க கட்சி சார்பா ஒரு நன்றி அறிவிப்புக் கூட்டம் போட்டா என்ன?’

‘வாங்கண்ணே’ என்றேன். ‘கட்சியை வீட்டுல வச்சிட்டு நீங்க மட்டும் வாங்க. சுவரு அப்படியேதான் கெடக்கு. நீலமும் சுண்ணாம்பும் நான் வாங்கி வைக்கேன்.’

இன்னும் வரவில்லை. சுவர் காத்திருக்கிறது.